இரும்புச் சத்து மாத்திரை: இரண்டு போட்டால் இரண்டு மடங்கா?



சென்ற ரமளானுக்கு முன் நமது அறக்கட்டளை சார்பில் பெண்களுக்கான இரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினோம். ஹீமோகுளோபின் குறைவாக இருந்த சகோதரிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரைகளும் கொடுத்தனுப்பினோம். கொடுக்கும்போது, "வயிறு எரியாமல் இருக்க ராத்திரி சாப்பிட்டபின் பாலோடு போட்டுக்கொள்ளுங்கள், சீக்கிரம் ஏற வேண்டுமானால் காலையிலும் ஒன்று போடுங்கள்" என்று சொல்லி அனுப்பியவர்களும் நாங்கள்தான். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்தபோது பலருக்கு ஏற்றம் மிகக் குறைவு. நிக்காஹ் தேதி குறித்திருந்த ஒரு பெண்ணின் தாயார் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "தினமும் ரெண்டு போட்டாளுங்க பாய், ஏறவே இல்லீங்களே, வயித்தால கறுப்பாப் போறதுதான் மிச்சம்" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். முகாமில் நாங்கள் சொன்ன இரண்டு யோசனைகளும் சரியல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பாலோடு போடச் சொன்னது தவறு. இரண்டு போடச் சொன்னது, அந்தப் பெண்ணுக்குப் பெரிய பயன் தராத யோசனை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, உடல் இரும்பை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

இது யாரோ சிலருடைய பிரச்சினை அல்ல. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. அகில இந்திய அளவில் 57 சதவீதம். உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர், போத்தனூர் என்று எந்த மஹல்லாவில் நின்று எண்ணினாலும், நம் வீட்டுப் பெண்கள் அந்தப் பாதிக்கு வெளியே இருக்கிறார்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

உடலில் இருக்கும் இரும்பின் கணக்கு விசித்திரமானது. ஒரு பெண்ணின் உடலில் மொத்தமே இரண்டரை, மூன்று கிராம் அளவுதான் இருக்கும். அதில் பெரும்பகுதி இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். வயதான அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் பிடித்து உடைக்கின்றன. அதிலிருந்து நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு திரும்பக் கிடைக்கிறது, புது அணுக்கள் செய்ய அதுவே போய்ச் சேருகிறது. பழைய வீட்டை இடித்து எடுத்த கம்பியை நிமிர்த்திப் புது வீட்டுக்குப் போடுவது போலத்தான். வெளியே வீணாவது, தோல் உதிர்வது, குடலின் உள்தோல் கழிவது என்று ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிகிராம் மட்டுமே. வயதுக்கு வந்த பெண்களுக்கு இதன்மேல் மாதவிடாய் இழப்பு சேர்கிறது. மாதம் 30, 40 மில்லி இரத்தம் போனால், அதோடு 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போகிறது. நாள் கணக்கில் பிரித்தால் அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஆக, ஆரோக்கியமான ஒரு பெண் தினமும் ஒன்றரை மில்லிகிராம் அளவு உள்ளே எடுத்தால் போதும், வரவும் செலவும் சரியாகிவிடும்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று. அதிகமாக வந்த உப்பைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். அதிகமாக வந்த இரும்பைத் தள்ளிவிட உடலில் எந்த வழியும் வைக்கப்படவில்லை. இங்கிலாந்தின் மெக்கான்ஸ், விடோசன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1937இலேயே இதை எடுத்துச் சொன்னார்கள். நம் ஊர்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நொய்யல் வாய்க்காலில் இருந்து நீர் வருகிறது, நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்கு வழிந்துவிடும். கலிங்கே இல்லாத குளமாக இருந்தால்? நீர் உள்ளே வரும் மதகில்தான் எல்லாக் கட்டுப்பாட்டையும் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கரை உடையும். இரும்பு விஷயத்தில் நம் உடல் அப்படிப்பட்ட குளம். தேவைக்கு மேல் சேர்ந்த இரும்பு ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். எனவே மதகு எப்போதும் கண்காணிப்பில் இருக்கிறது.

அந்த மதகு இரைப்பைக்கு அடுத்துள்ள முன்சிறுகுடலில் இருக்கிறது. சாப்பாட்டில் உள்ள இரும்பு முதலில் குடலின் உள்தோல் அணுக்களுக்குள் நுழைகிறது. நுழைந்துவிட்டதாலேயே உடலுக்குள் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. அணுவின் மறுபக்கம் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம் கதவாக நிற்கிறது. கதவு திறந்திருந்தால் இரும்பு இரத்தத்துக்குப் போகும். மூடியிருந்தால் அந்த அணுவுக்குள்ளேயே தங்கிவிடும். குடலின் உள்தோல் அணுக்கள் சில நாட்களே உயிரோடு இருப்பவை. அவை உதிரும்போது தங்கிய இரும்பும் மலத்தோடு போய்விடும். அந்தத் தாயார் சொன்ன கறுப்பு நிறத்துக்குக் காரணமும் உள்ளே சேராத இரும்புதான். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மாத்திரை போடாத நாட்களிலும் தார் போலக் கறுப்பாகப் போனால் அது வேறு விஷயம், தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கதவைத் திற, மூடு என்று சொல்வது யார் என்பது நீண்டகாலம் தெரியாமலேயே இருந்தது. 2000, 2001ஆம் ஆண்டுகளில்தான் ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சிறு ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். ஹெப்சிடின் ஃபெரோபோர்ட்டின் கதவில் போய் ஒட்டினால் அந்தக் கதவே அணுவுக்குள் இழுக்கப்பட்டு அழிந்துபோகிறது என்பது 2004இல் தெளிவானது. கையிருப்பு நிறைய இருந்தால் ஈரல் ஹெப்சிடினை அதிகம் சுரக்கும், வழி அடைபடும். கையிருப்பு குறைந்தால் ஹெப்சிடின் குறையும், வழி அகலமாகும். இரத்தம் அதிகமாகப் போய்விட்டால் எலும்பு மஜ்ஜையில் இருந்து தனியாக ஒரு சேதி ஈரலுக்குப் போய், ஹெப்சிடினைக் குறைக்கச் சொல்கிறது. திருக்குர்ஆனில் இரும்பின் பெயராலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதைக் கொண்டு உடலியல் விளக்கம் சொல்வோரும் உண்டு. நாங்கள் அதற்குள் போகவில்லை. அல்லாஹ்வின் படைப்பின் நுட்பத்தைக் காண இந்த ஒரு கதவே போதும்.

கர்ப்ப காலத்தில் இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போகிறது என்பதை இங்கிலாந்தில் 12 ஆரோக்கியமான கர்ப்பிணிகளிடம் அளந்து 1994இல் வெளியிட்டார்கள். 12ஆம் வாரத்தில் உணவிலுள்ள இரும்பில் 7 சதவீதத்தை உடல் எடுத்தது. 24ஆம் வாரத்தில் 36 சதவீதம். 36ஆம் வாரத்தில் 66 சதவீதம். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் தாயின் கூடுதல் இரத்தத்துக்கும் சேர்த்து ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் தேவைப்படுவதால், கதவு அப்படித் திறந்துகொள்கிறது. ஆனால் அவர்கள் கையிருப்போடு கர்ப்பமான பெண்கள். கையிருப்பே இல்லாமல் கர்ப்பமாகும் பெண்ணுக்குக் கதவு திறந்தால் மட்டும் போதாது. அதனால்தான் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைத் தினமும், 180 நாளுக்குக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிச் சகோதரிகள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை மாற்ற வேண்டாம். அடுத்து நாம் சொல்லப்போவது அவர்களுக்கானது அல்ல.

இப்போது இரண்டு மாத்திரை விஷயம். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள், இரத்தசோகை இல்லாத, ஆனால் கையிருப்பு குறைந்த இளம் பெண்களிடம் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் ஏறுகிறது. அந்த ஏற்றம் 24 மணி நேரம் வரை நிற்கிறது. மறுநாள் போடும் மாத்திரையிலிருந்து உடல் எடுக்கும் விகிதம் 35 முதல் 45 சதவீதம் வரை குறைந்துபோகிறது. ஒரே நாளில் காலையும் மாலையும் போட்டு மறுநாள் காலையும் போட்டவர்களுக்கு, இரண்டு காலைகள் மட்டும் போட்டவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகம் சேரவில்லை. மாத்திரையின் அளவை 40இல் இருந்து 240 மில்லிகிராமாக, அதாவது ஆறு மடங்காக உயர்த்தினால், உள்ளே சேர்ந்தது மூன்று மடங்குகூட இல்லை. 2017இல் அதே குழுவினர் 40 பெண்களிடம் தினமும் போடுவதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதையும் ஒப்பிட்டார்கள். தினமும் போட்டவர்கள் எடுத்தது 16.3 சதவீதம், விட்டு விட்டுப் போட்டவர்கள் எடுத்தது 21.8 சதவீதம். அதாவது முதல் மாத்திரை உள்ளே போனதும் உடல், "வந்தது போதும்" என்று கதவைச் சாத்துகிறது. சாத்திய கதவின் முன் இரண்டாவது மாத்திரையைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது குடலிலேயே கிடந்து மலச்சிக்கலும் குமட்டலும்தான் தரும். இரண்டு வாரத்தில் மாத்திரையையே நிறுத்திவிடும் சகோதரிகள் பலர் இதனால்தான் நிறுத்துகிறார்கள்.

இதையே எல்லோருக்கும் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்தசோகை கடுமையாக உள்ளவர்களுக்கு, அறுவை சிகிச்சை நெருங்கியவர்களுக்கு மருத்துவர் தினமும் போடச் சொல்லலாம், ஊசி வழியாகவும் ஏற்றலாம். நம் பேச்சு, லேசான குறைவு உள்ள, மற்றபடி நலமாக இருக்கும் பெண்களைப் பற்றியது. அவர்கள் மருத்துவரிடம், "ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று போடலாமா?" என்று தயங்காமல் கேட்கலாம்.

பால் விஷயத்துக்கு வருவோம். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரும்பு உள்ளே போவதைக் குறைக்கும். அதைவிடப் பெரிய தடை டீ. டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு ஒட்டிக்கொண்டு கரையாத ஒன்றாகிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் வாழ்ந்த இந்தியக் குடும்பப் பெண்களிடமே இதைச் சோதித்திருக்கிறார்கள். 1975இல் வெளியான அந்த ஆய்வில், சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் சாப்பிட்டவர்கள் கூடவே டீ குடித்தபோது இரும்பு சேர்வது வெகுவாகக் குறைந்துபோனது. நம் வீடுகளில் டீ எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். காலைப் பலகாரத்தோடு வருகிறது. நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, வடை கடித்த கையோடு வருகிறது. டீயை விடச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சமைத்த ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை டீ தடுக்கவில்லை. இறைச்சியிலுள்ள இரும்பு வேறு வழியாக உள்ளே போகிறது, அதனால் நன்றாகவும் சேருகிறது. கறியைச் சேர்த்துச் சாப்பிட்டால் கூட உள்ள கீரை, பருப்பின் இரும்பும் கூடுதலாகச் சேரும். ஈரலும் மண்ணீரலும் இதில் முன்னணியில் நிற்பவை. உடைந்த சிவப்பணுக்களின் இரும்பு போய்ச் சேரும் இடங்கள் அவைதானே! ஓடும் இரத்தம் ஹராம் என்பதால் சுவரொட்டியைச் சிலர் தயங்கி ஒதுக்குகிறார்கள். ஈரலும் மண்ணீரலும் ஹலால் என்பது இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸில் தெளிவாகவே இருக்கிறது. ஆட்டுக்கறி விலையில் கால் பங்குக்கும் குறைவாகச் செலவழித்து ஒரு சுவரொட்டி வாங்கலாம் என்றால் அதை ஆண்களுக்கு மட்டும் வறுத்துக் கொடுப்பானேன்? கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிகவும் அதிகம்.

கறி வாரத்தில் ஒருநாள்தான் என்ற வீடுகளே நம்மிடம் அதிகம். கம்பு, ராகி, கொள்ளு, முருங்கைக்கீரை இவற்றிலும் இரும்பு உண்டு, ஆனால் சேரும் விகிதம் குறைவு. அதைக் கூட்டும் வழி மலிவானது: சாப்பிடும் அதே நேரத்தில் எலுமிச்சை பிழிவது, ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா. புளிப்பிலுள்ள வைட்டமின் சி, இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அடுப்பில் கொதிக்கவிட்டால் அந்தச் சத்து போய்விடும், இறக்கியபின் பிழியுங்கள். பேரீச்சம்பழத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நோன்பு திறக்க அது சுன்னத்து, உடலுக்கும் நல்லது. ஆனால் மூன்று பழத்தில் கிடைக்கும் இரும்பு மிகக் கொஞ்சம், இரத்தசோகையை அதை மட்டும் நம்பிச் சரிசெய்ய முடியாது. அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கப்படும் செறிவூட்டிய அரிசி மணிகளில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் உண்டு. அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிவதை நிறுத்துங்கள்.

காய்ச்சல், நாள்பட்ட தொற்று, உடலில் எங்காவது வீக்கம் இருந்தாலும் ஹெப்சிடின் ஏறும். கிருமிகளுக்கும் இரும்பு தேவை என்பதால் உடல் அப்போது இரும்பைப் பூட்டி வைக்கிறது. அந்த நாட்களில் மாத்திரை போட்டு அதிகப் பலன் இல்லை. குடலில் கொக்கிப்புழு இருந்தாலோ, எவ்வளவு சேர்த்தாலும் அது இரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

மதகு எவ்வளவு திறந்தாலும் ஈடுகட்ட முடியாத இழப்பும் உண்டு. அதிகப்படியான மாதவிடாய் அதில் முதன்மையானது. இதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கும் சகோதரிகளை முகாமில் பார்த்தோம். தொழுகைக்காகவும் நோன்பின் களாவுக்காகவும் நம் பெண்கள் நாட்களைத் துல்லியமாக எண்ணுகிறவர்கள். ஹனஃபி மத்ஹபில் பத்து நாளைத் தாண்டினால், ஷாஃபி மத்ஹபில் பதினைந்து நாளைத் தாண்டினால் அது ஹைளு அல்ல, இஸ்திஹாளா என்று மதரஸாவில் படித்திருக்கிறீர்கள். மார்க்கச் சட்டத்துக்கு அந்தக் கணக்கு. மருத்துவரோ ஏழெட்டு நாளைத் தாண்டினாலே, கட்டி கட்டியாகப் போனாலே, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை துணி மாற்ற நேர்ந்தாலே காட்டச் சொல்கிறார். எண்ணி வைத்திருக்கும் அந்தக் கணக்கை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள், அவருக்கு அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

இன்னொரு கூட்டத்தினரையும் சொல்ல வேண்டும். தலசீமியா மரபணுவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு நோய் இருக்காது, ஹீமோகுளோபின் மட்டும் சற்றுக் குறைவாகவே நிற்கும். மாத்திரை போட்டாலும் ஏறாது, ஏனென்றால் அவர்களிடம் குறைவது இரும்பு அல்ல. சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் குடும்பங்களில் கணவன் மனைவி இருவருக்கும் இந்த மரபணு இருந்துவிட்டால், பிறக்கும் குழந்தைக்குக் கடும் தலசீமியா வர ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நிக்காஹ் பேசும் முன்பே பார்க்கக்கூடிய பரிசோதனை இது. மாதக்கணக்கில் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஏறாதவர்கள், இன்னும் ஒரு பாட்டில் டானிக் வாங்கும் முன் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து பாருங்கள். கையிருப்பைச் சொல்வது அதுதான். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தும் கையிருப்பு காலியாக இருக்கலாம். அப்படியிருந்தால் களைப்பும் முடி உதிர்வும் இருக்கும். கையிருப்பு நிறைவாக இருந்தால் மாத்திரையே வேண்டாம்.

ரமளானில் எப்போது போடுவது என்ற கேள்விக்கு: ஹெப்சிடின் காலையில் குறைவாகவும் பிற்பகலில் அதிகமாகவும் இருப்பது வழக்கம். எனவே ஸஹரில் சாப்பிடும் முன் எலுமிச்சைச் சாற்றோடு போடுவது நல்லது, டீ கூடாது. வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாதவர்கள், அல்லது பகலில் குமட்டுபவர்கள், தராவீஹ் முடிந்தபின் போடலாம். அப்போதும் பால் வேண்டாம்.

நிக்காஹ் நாள் குறித்திருந்த அந்தப் பெண்ணுக்கு ஃபெரிட்டின் பார்த்தோம், மிகவும் குறைவாகவே இருந்தது. மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் ஒரு மாத்திரை என்று மாற்றி எழுதினார். மாதவிடாய் நாட்களையும் விசாரித்து, அதற்கும் தனியாக மருந்து கொடுத்தார். அடுத்த பரிசோதனை வரும் மாதம்.

முந்தைய முகாமில் எங்களிடம் மாத்திரை வாங்கிய சகோதரிகள் அனைவரும் அந்தச் சீட்டோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு அஸர் தொழுகைக்குப் பின் வரலாம். அதில் எழுதிக் கொடுத்த முறையைத் திருத்தித் தருகிறோம். ஃபெரிட்டின் பரிசோதனைக்குப் பணம் கட்ட இயலாதவர்களுக்கு ஜகாத் நிதியிலிருந்து, தகுதி பார்த்து உதவ நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. பெண்களிடம் பேசப் பெண் தொண்டர் ஒருவர் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.